சைவ வீட்டிலிருந்து வீகனுக்கு: தயிர், பட்டு, செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பதில்

நீங்கள் எழுதியதன் சாரம் இது. சைவக் குடும்பத்தில் வளர்ந்தவர், கோவையில் வேலை. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பால் பண்ணையில், பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்துக் கட்டியிருந்த கன்றைப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து பால் தொண்டையில் இறங்கவில்லை, பால், பட்டு, தோல் என விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்தாத வீகனாக மாற நினைக்கிறீர்கள். அம்மா, "நாமதான் சைவமாச்சே, இதுக்கு மேல என்ன?" என்கிறார். தயிர் இல்லாமல் எப்படி, சத்து போதுமா, தை மாதம் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு கட்டலாமா, செருப்பு, கைப்பை, மேக்கப் எல்லாம் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வீகனாகிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. நானும் சைவ வீட்டுப் பிள்ளைதான். அதனால் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெளிவாகிவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நம் வீட்டுச் சைவம் கேட்கும் கேள்வி, "என் வாய்க்குள் என்ன போகிறது?" என்பது. அது நம்முடைய சுத்தம் பற்றியது. பால் சுத்தம், நெய் அதைவிடச் சுத்தம், பட்டு மடிக்கு உகந்தது. அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. வீகன் என்பவர் கேட்பது வேறு கேள்வி: "இது என் கைக்கு வருவதற்கு அந்த உயிருக்கு என்ன நடந்தது?" கேள்வி மாறியதும், பூஜையறையில் இருக்கும் நெய்யும் பீரோவில் இருக்கும் பட்டும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கின்றன. அம்மா தவறாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரிவு இங்கிலாந்திலும் இப்படித்தான் வந்தது. 1944-இல் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும், பாலும் முட்டையும் சாப்பிடும் மரக்கறி உணவாளர்களிடமிருந்து பிரிந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். வெஜிடேரியன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழில் நனிசைவம் என்று ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. சைவத்துக்கு மேலே இன்னொரு படி, இன்னும் கொஞ்சம் கூடுதல் ஆசாரம் என்று அது நினைக்க வைத்துவிடுகிறது. அதனால் நான் வீகன் என்றே சொல்கிறேன்.

சரி, பாலுக்கு வருவோம். பசு சும்மா பால் கறக்காது, கன்று போட்டால்தான் கறக்கும். ஒன்பது மாதத்துக்குச் சற்று மேலான சினை, பிறகு சுமார் பத்து மாதக் கறவை. அந்தக் கறவை நடக்கும்போதே அடுத்த சினைக்கு ஊசி. ஆக, வருடத்துக்கோ ஒன்றேகால் வருடத்துக்கோ ஒரு கன்று பிறந்தாக வேண்டும். அவற்றில் பாதி காளைக் கன்று. உழவுக்கும் வண்டிக்கும் மாடு தேவைப்பட்ட காலத்தில் அதற்கு வீட்டில் ஒரு இடம் இருந்தது. டிராக்டர் வந்த பிறகு அது தீவனச் செலவு மட்டும்தான். பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து ஊசிகளை இப்போது அரசே ஊக்குவிக்கிறது. காளைக் கன்றை யாரும் விரும்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தாய்ப்பசு இயற்கையாக இருபது வயது வரை வாழக்கூடியது. கறவை குறைந்து, சினையும் பிடிக்கவில்லை என்றால் அதில் பாதி வயதுக்குள்ளேயே சந்தைக்குப் போய்விடுகிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை உங்களுக்குப் பக்கம்தான். அங்கிருந்து கேரளத்துக்கு லாரி ஏறும் மாடுகள் எங்கே போகின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வைக்கோல் கன்று பற்றி உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாயின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கும், பால் சுரக்கும். சென்னைத் தெருக்களில் பால்காரர்கள் இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன காலம் உண்டு. ஆலைமயமான பண்ணைகள் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே இது இருந்தது. அந்தக் காலத்தில் மாட்டை அம்மாவாகப் பார்த்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வைக்கோல் கன்றுதான் ஞாபகத்துக்கு வரும்.

காந்திக்கும் பால் விஷயத்தில் இதே உறுத்தல் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும்போதே, 1912-இல், பாலை விட்டார். கறவை மாடுகளுக்குச் செய்யப்படும் கொடுமைகளைப் பற்றிப் படித்ததும் அதற்கு ஒரு காரணம். 1918-இல் கடும் நோயில் விழுந்து எழுந்தபோது, பசும்பாலும் எருமைப்பாலும்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கஸ்தூர்பா சொல்ல, ஆட்டுப்பால் குடிக்க ஆரம்பித்தார். சபதத்தின் சொல்லைக் காத்தோம், பொருளைக் காக்கவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லலாம். இது வெளிநாட்டிலிருந்து வந்த மோகம் என்ற எண்ணம் கொஞ்சம் இளகும்.

இரண்டு மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் என்ன ஆவார்கள் என்று உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பால் கூட்டுறவுகளைத் தாங்கி நிற்பது அந்தப் பெண்கள்தான். ஆண்டாண்டாகத் தீவன விலைக்கும் பால் விலைக்கும் நடுவில் நசுங்குபவர்களும் அவர்கள்தான். நீங்கள் பாலை நிறுத்துவதால் நாளையே அவர்கள் பிழைப்பு போகாது. மாற்றம் வந்தால் தலைமுறைக் கணக்கில்தான் வரும், அதற்குள் வேறு வருமானத்துக்கு வழி செய்வது அரசின் பொறுப்பு. அந்தப் பெண்களைக் குற்றவாளியாக்கும் ஒரு வார்த்தைகூட நம் வாயிலிருந்து வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாட்டை விற்கும் அன்று அவர்களில் பலர் அழுகிறார்கள். அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. தமிழ்ச் சமையலில் பால் வருவது விளிம்புகளில்தான்: காலையில் காபி, கடைசியில் தயிர், மேலே ஒரு கரண்டி நெய், பண்டிகைக்கு இனிப்பு. நடுவில் இருக்கும் இட்லி, தோசை, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், துவையல், சுண்டல் எதற்கும் பால் வேண்டாம். உளுந்தங்களிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போதும். திருநெல்வேலிச் சொதி முழுக்கத் தேங்காய்ப்பால். யாழ்ப்பாணத்துச் சமையலறையில் முதற்பால், இரண்டாம்பால் என்றாலே தேங்காயில் பிழிந்ததுதான். மதுரையில் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால் விதையிலிருந்து வருகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, நெய் விடாத பொரிவிளங்காய் எல்லாம் ஏற்கெனவே வீகன். வடக்கே பனீரையும் பாலாடையையும் சுற்றி வளர்ந்த ஒரு சமையலிலிருந்து வருபவருக்கு இருக்கும் சிரமத்தில் கால்வாசிகூட நமக்கு இல்லை.

தாளிப்பில் நெய் இல்லாததை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பருப்புச் சாதத்துக்கு நல்லெண்ணெய், வெண்பொங்கலுக்குத் தேங்காய் எண்ணெயும் கூடுதலாக ஒரு பிடி முந்திரியும். அதே வாசனை வராது என்பது உண்மை. எனக்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு கிலோ நெய்க்கு இருபத்தைந்து லிட்டர் பசும்பால் வரை வேண்டும் என்ற கணக்கு அந்த நேரத்தில் எனக்கு உதவியது.

காபிதான் பலரைத் திரும்ப இழுக்கிறது. தேங்காய்ப்பாலைச் சூடான டிகாக்‌ஷனில் ஊற்றினால் திரியும், எண்ணெய் மிதக்கும், மனசு வெறுத்துப்போகும். அதனால் முதல் நாளே அதை முயற்சி செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே சுட வைத்தால் கெட்டியான பால் வரும். டிகாக்‌ஷனை அதில் ஊற்றுங்கள், அதை டிகாக்‌ஷனில் ஊற்றாதீர்கள். சோயாப்பால் மலிவு, ஆனால் பச்சை வாசனை போக நன்றாகக் கொதிக்க வேண்டும். ஓட்ஸ்பாலைக் குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிடம் மட்டும் அரைத்து, பிழியாமல் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் சூடு பட்டதும் கஞ்சியாகிவிடும். கடையில் வாங்கும் பாதாம்பாலும் ஓட்ஸ்பாலும் வசதிக்கு வேண்டுமானால் இருக்கட்டும். இந்த வாழ்க்கையே பணக்காரர்களுக்கானது என்ற எண்ணம் அந்த டப்பாக்களின் விலையைப் பார்த்துத்தான் வருகிறது.

இனி சத்து. இதில் ஒரே ஒரு விஷயத்தை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வைட்டமின் பி12 மாத்திரையை முதல் நாளிலிருந்தே எடுங்கள். கீரையில் இருக்கிறது, ஸ்பிருலினா பாசியில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதை உருவாக்குவது பாக்டீரியா. தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் கிடையாது. தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது வீகன் சொசைட்டி சொல்லும் அளவு. சயனோகோபாலமின் என்ற வடிவம் மலிவாகவும் நிலையாகவும் இருக்கும். நான் முதல் இரண்டு வருடம் இதை அலட்சியம் செய்தேன். உடம்பில் சேமிப்பு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு பாதத்தில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது, ராத்திரி தூக்கம் போனது, படித்தது மறந்தது. ரத்தப் பரிசோதனை செய்து, ஊசி போட்டு, சரியாகச் சில மாதங்கள் ஆயின. நரம்பு பாதித்து முற்றிவிட்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பால் குடிக்கும் சைவர்களிடமே இந்தியாவில் பி12 குறைபாடு மிக அதிகம். அதனால் மாறுவதற்கு முன்பே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

மற்றவை சாப்பாட்டிலேயே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி பெரியவர்களுக்குக் கால்சியம் ஒரு நாளுக்கு 1000 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, 100 மில்லி பசும்பாலில் சுமார் 120. எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் நல்ல கால்சியம் உள்ளவை. பாலக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேர விடாது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடை என்றால் 46 கிராம் போல. நம் வீடுகளில் குறைவது இதுதான். சாம்பாரில் பருப்பு கண்ணுக்கே தெரியாது, தட்டு நிறையச் சோறு. அதை மாற்றுங்கள். தினமும் ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, ஒரு பிடி வேர்க்கடலை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சோயாவோ சோயாப்பாலில் செய்யும் டோஃபுவோ. இரும்புச்சத்துக்கு, கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம். ஒமேகா-3க்கு ஆளிவிதைப் பொடி ஒரு ஸ்பூன். வைட்டமின் டி3 மாத்திரைகளில் பெரும்பாலானவை ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த எண்ணெயில் செய்தவை. பாசிக்காளான் வகை ஒன்றிலிருந்து எடுத்ததும் இப்போது கிடைக்கிறது. கர்ப்ப காலம், வேறு நோய்கள் என்றால் மருத்துவரோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள். மருத்துவர் தரும் மாத்திரை, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறையில் இருந்தால், மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விழுங்கிவிடுங்கள். மருந்தை நிறுத்துவதால் எந்த மாடும் பிழைக்கப் போவதில்லை.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை நம்பிப் பழகியிருப்பீர்கள். பால் பொடி, நெய், தேன் எல்லாவற்றுக்கும் அதே பச்சைப் புள்ளிதான். வீகன் உணவுக்கென்று தனி விதிமுறையை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் கொண்டுவந்தது. பச்சைச் சதுரத்துக்குள் இலையோடு கூடிய ஆங்கில வி எழுத்து அதன் அடையாளம். ஆனால் அதை வாங்காத பொருள்களும் வீகனாக இருக்கலாம், ஆகவே பின்பக்கத்தைப் படிப்பதுதான் வழி. ரொட்டி, பிஸ்கட், சிப்ஸ் மசாலாவில் பால் பொடியோ மோர்ப் பொடியோ ஒளிந்திருக்கும். பளபளப்புக்குப் பூசும் அரக்கு ஒரு பூச்சியிலிருந்து வருவது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைன் இன்னொரு பூச்சி. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளை மாட்டுக் குடலின் அடுக்குகளுக்கு நடுவில் வைத்துத் தட்டி மெலிதாக்கினார்கள். சைவ இனிப்புக் கடைகளில் எத்தனை காலம் அதை விற்றார்கள்! 2016-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ அதற்குத் தடை போட்டது.

பட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே கனமானது இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணம், தங்கை, சொந்தபந்தம் எல்லாம் அந்தப் புடவையில் முடிச்சுப் போட்டிருக்கிறது.

மல்பெரி இலை தின்று வளரும் புழு, சுமார் நான்கு வாரத்தில் கூடு கட்டத் தொடங்கும். வாயிலிருந்து ஒரே இழையை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, தன்னைச் சுற்றியே சுற்றிக்கொள்ளும். உள்ளே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது கூட்டைக் கரைத்து ஓட்டை போடும். ஓட்டை விழுந்தால் ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் அது வெளியே வருவதற்கு முன், நீராவியிலோ அனல் காற்றிலோ கூட்டோடு கொன்றுவிடுகிறார்கள். பிறகு வெந்நீரில் போட்டு இழை எடுப்பார்கள். கர்நாடகத்தின் ராமநகரத்திலும் நம் தர்மபுரியிலும் பட்டுக்கூடு ஏல மையங்கள் இருக்கின்றன. அங்கே மூட்டையில் கிடக்கும் கூட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே புழு இடிபடும் ஓசை கேட்கும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ கூடு வேண்டும். ஒரு கூடு இரண்டு கிராம்கூட இருக்காது. நீங்களே கணக்குப் போடுங்கள். அரைக் கிலோ பட்டு உள்ள புடவைக்கு இரண்டாயிரம் புழு.

காஞ்சிபுரத்திலேயே இதற்கு எதிரான குரல் எழுந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. காஞ்சி மகாபெரியவர் பட்டுப் புடவையைத் தவிர்க்கும்படி பெண்களிடம் சொல்லிவந்தார். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவர் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாமல் பட்டு செய்ய முடியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி, ஆந்திரக் கைத்தறித் துறையில் வேலை பார்த்த குசும ராஜய்யாவின் மனதில் தைத்தது. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்று அவர் உருவாக்கியதுதான் இன்று அகிம்சைப் பட்டு என்று விற்கப்படுவது. அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அப்படியானால் அகிம்சைப் பட்டு கட்டலாமா? நான் கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ப்பில் அந்தப் பூச்சிக்குப் பறக்கவே முடியாமல் போய்விட்டது. வெளியே வந்தாலும் சாப்பிட வாய் வேலை செய்யாது, சில நாளில் சாகும். ஒவ்வொரு பெண் பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அத்தனை புழுக்களுக்கும் இலை போட யாராலும் முடியாது. கொதிநீரைவிட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. அம்மாவோ தங்கையோ பட்டுதான் வேண்டும் என்று நின்றால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு என்றால் பருத்தி. அதில் நாம் ஏழைகள் இல்லை. கண்டாங்கியின் கட்டமும் அகலக் கரையும் கல்யாண மண்டபத்தில் தனியாகத் தெரியும். மதுரை, சின்னாளப்பட்டிச் சுங்குடி இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே நெகமம் சேலை இருக்கிறது. ஆனால் கோவை கோரா காட்டனில் கவனம், பெயரில்தான் காட்டன், அதில் பட்டு இழை கலந்திருக்கும். ஜரிகையிலும் ஒரு சங்கதி உண்டு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி முலாம் பூசியது. பருத்திப் புடவைகளில் இப்போது பெரும்பாலும் வருவது பாலியஸ்டர் ஜரிகை, இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். ஆர்ட் சில்க் என்று விற்பது மரக்கூழில் செய்யும் விஸ்கோஸோ பாலியஸ்டரோ. சந்தேகம் வந்தால் முந்தானை ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகி உருண்டையானால் பாலியஸ்டர்.

பீரோவில் ஏற்கெனவே இருக்கும் பட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். எரிப்பதால் எந்தப் புழுவும் திரும்ப வராது. என் பாட்டியின் அரக்கு நிறப் பட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. கட்டுவதில்லை, கொடுக்கவும் இல்லை. கல்யாணத்தில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டுகிறேன், புதிதாக வாங்க மாட்டேன் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். புதிய கூடு எதுவும் அதற்காகக் கொதிக்கவில்லை.

தோல் பொருள்களில் முடிவெடுப்பது எளிது. நாட்டின் தோல் தொழிலில் பெரிய பங்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருக்கிறது. இறைச்சிக்கு வெட்டும்போது மிஞ்சுவதுதானே தோல் என்பார்கள். தோலுக்கும் விலை உண்டு, அந்த விலையும் சேர்ந்துதான் மாட்டின் விலை. அதோடு, பதப்படுத்தும் குரோமியமும் உப்பும் பாலாற்றைக் கொன்றன. கிணறுகள் பாழாகி, வேலூர்ப் பகுதி மக்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் அந்த வழக்கில்தான் நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. வெட்டிய மாட்டோடு அந்தக் கொடுமை முடியவில்லை. தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்த தலித், முஸ்லிம் தொழிலாளர்களின் நுரையீரலுக்கும் தோலுக்கும் அதில் பங்கு போனது.

செருப்பின் அடியில் அல்லது பெட்டியில் சின்னப் படம் இருந்தால் பாருங்கள். விரித்த தோல் போன்ற வடிவம் என்றால் தோல், பின்னல் போன்ற கட்டம் என்றால் துணி, வெறும் சாய்சதுரம் என்றால் ரப்பரோ பிளாஸ்டிக்கோ. தோலுக்குப் பதில் வரும் பியு, ரெக்சின் எல்லாம் பெட்ரோலியத்தில் செய்தவைதான், மட்கா. அதற்காகத் தோலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. கைப்பைக்குக் கெட்டித் துணி, கித்தான், சணல், காலுக்கு ரப்பரும் கேன்வாஸும். எதை வாங்கினாலும் கிழியும்வரை போடுவது. கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்துத் தோல் போன்ற பொருள் செய்கிறார்கள், கான்பூரில் கோயில் பூக்கழிவைக் கொண்டு செய்கிறார்கள். விலை இறங்கினால் நல்ல காலம். கம்பளியைப் பற்றி ஒரு வரி: ஆஸ்திரேலிய மெரினோ குட்டிகளுக்கு ஈத்தொல்லை வராமல் இருக்கப் பின்புறத் தோலையே அறுத்து எடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஊட்டிக்குப் போகப் பருத்தி மேல் பருத்தி போட்டாலே போதும்.

மேக்கப்பில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குரூயல்டி ஃப்ரீ என்றால் விலங்குகளின் மேல் பரிசோதனை செய்யவில்லை என்று பொருள். வீகன் என்றால் விலங்குப் பொருள் சேர்க்கவில்லை என்று பொருள். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று இல்லை. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதற்கும், அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்வதற்கும் 2014-லேயே தடை வந்துவிட்டது. ஆக, நீங்கள் அதிகம் தேட வேண்டியது சேர்மானத்தைத்தான். லிப்ஸ்டிக்கில் கார்மைனும் தேன்மெழுகும், கிரீமில் ஆட்டுக் கம்பளி எண்ணெயான லானோலினும் இருக்கும். வீட்டில் செய்யும் கண்மையிலேயே நெய் குழைப்பார்கள், விளக்கெண்ணெய் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சிகைக்காயும் பயத்தமாவும் யாருக்கும் தீங்கில்லை.

இப்போது வீட்டு மனிதர்கள். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். சைவ வீட்டிலிருந்து வரும் நமக்கு ஒரு ஆபத்து உண்டு. மற்றவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் தலைமுறைகளாக இருக்கிறது, அதன் வேர் சாதியில் இருக்கிறது. வீகனான பிறகு அதே சுளிப்புக்கு ஒரு புதிய காரணம் கிடைத்துவிட்டது என்று ஆகக் கூடாது. அலுவலகத்தில் மாட்டுக்கறி கொண்டுவரும் தோழியைவிட, நெய் தோசை சாப்பிட்டு வளர்ந்த நாம் எந்த வகையிலும் மேல் இல்லை. நம் வீட்டுக்குப் பால் கொடுத்த மாடுதான் அங்கே கறியாகிறது. இரண்டு பேரும் ஒரே மாட்டைப் பங்கிட்டிருக்கிறோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் கேட்டால் பேசுங்கள். அதே போல, பாத்திரத்தில் தயிர் பட்டுவிட்டது என்று தனிப் பாத்திரம், தனி அடுப்பு என்று போகாதீர்கள். அது தீட்டுப் பார்ப்பது. மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்தால்? நெய்யும் தேனும் இருக்கும். நான் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன். என் தோழி ஒருத்தி ஒரு துளி வாயில் போட்டுக்கொள்கிறாள். அவளை வீகன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவிடம் வாதம் வேண்டாம். சமையலறையில் ஒரு வாரம் நீங்களே நின்று செய்து போடுங்கள். தயிரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் பயம் முழுக்க அதில்தான் இருக்கும். ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறப் போட்டு, தோலை உரித்து, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடி பிடிக்காமல் கிண்டியபடி பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள், கடலையின் பச்சை வாசனை அதில்தான் போகும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்புகளைக் கழுவிக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். உறை ஊற்றத் தயிர் தேவையில்லை, காம்பில் இருக்கும் பாக்டீரியாவே போதும். கோவைக் குளிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். முதல் உறை கொஞ்சம் தளர்வாகத்தான் வரும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த நாள் பாலுக்கு ஊற்றினால் இரண்டாவது உறை கெட்டியாக நிற்கும். அம்மாவுக்கு இரண்டாவதைக் கொடுங்கள், கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துச் சாதத்தில் பிசைந்து, மாவடு ஒன்றைப் பக்கத்தில் வைத்து.